பாரிஸில் ஏழு நாள்: பழைய சாமான் சந்தைக்கும் போகணும், பெரிய கடையும் பார்க்கணும்

சென்னிமலைப்பெண்

அனைவருக்கும் வணக்கம். ஜூன் கடைசி வாரம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பாரிஸ் வருகிறேன். ஏழு நாள். கோபுரம், அருங்காட்சியகம் எல்லாம் தம்பி எழுதிக் கொடுத்துவிட்டான். கடைகளைப் பற்றிச் சொல்லத்தான் ஆளில்லை. அம்மா முப்பது வருஷம் தறியில் இருந்தவர். துணியையும் பாத்திரத்தையும் கண்டால் அந்த இடத்தை விட்டு நகரமாட்டார்.

சாமான் வாங்க என்று 500 யூரோ ஒதுக்கியிருக்கிறேன். ஒரு நல்ல செம்புப் பாத்திரம், பாட்டிக்கு வெள்ளியில் ஏதாவது, அம்மாவுக்குப் பட்டில் ஒரு ஸ்கார்ஃப். மூன்றும் கிடைத்தால் போதும். அப்புறம் அந்தப் பெரிய கடைகளுக்குள்ளும் ஒருமுறை போய்ப் பார்க்க ஆசை. வாங்காமல் பார்க்க விடுவார்களா? சந்தையில் பேரம் பேசலாமா? ஏமாறாமல் இருக்க என்ன வழி?

பழஞ்சாமான்

வாங்க வாங்க. பாரிஸுக்கு வந்து 19 வருஷம். ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னை வீட்டில் பார்க்க முடியாது, ஏதாவது ஒரு சந்தையில்தான் இருப்பேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இங்கே பழைய சாமான் சந்தைக்கு ‘ப்யூஸ்’ என்று பெயர். தெள்ளுப்பூச்சி என்று அர்த்தம். பழைய துணி, மெத்தை வாங்கினால் அதுவும் சேர்ந்து வீட்டுக்கு வந்துவிடுமாம். நகரத்தின் ஓரத்தில் மூன்று இருக்கின்றன: வடக்கே சாந்த்-உவான், தெற்கே வான்வ், கிழக்கே மோந்த்ரய். மூன்றும் ஓரத்தில் இருப்பதற்குக் காரணம் உண்டு. குப்பையில் கந்தலும் இரும்பும் பொறுக்கி விற்றுப் பிழைத்தவர்கள் நகரத்துக்கு வெளியே தள்ளப்பட்டவர்கள். 1883-இல் பூபெல் என்கிற நிர்வாக அதிகாரி, ஒவ்வொரு வீட்டுக்காரரும் மூடியுள்ள குப்பைத்தொட்டி வைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். பொறுக்கிப் பிழைத்தவர்களின் வயிற்றில் அடி. இன்றைக்கும் பிரெஞ்சில் குப்பைத்தொட்டிக்குப் பெயர் ‘பூபெல்’தான். அந்த மக்கள் பழைய கோட்டைச் சுவருக்கு வெளியே தரையில் துணி விரித்து விற்ற இடம்தான் பின்னால் சாந்த்-உவான் சந்தை ஆனது. 1885-ஐ அதன் பிறந்த வருஷமாகச் சொல்வார்கள்.

சாந்த்-உவான் ஒரே சந்தை இல்லை, பல சந்தைகள் சேர்ந்தது. சனி, ஞாயிறு முழுவதும் உண்டு, திங்கள் கொஞ்சம் மந்தம். உங்களுக்கு வெர்நேஸோன் போதும். 1920-இல் தொடங்கியது. சந்து சந்தாகப் போகும், பொத்தான், பாசிமணி, கண்ணாடி, கரண்டி என்று சின்னச் சாமான்கள். பால் பேர், செர்பேத் என்கிற சந்தைகள் பக்கம் எல்லாம் பெரிய மேசை நாற்காலி, விலையும் பெரிது. கண்ணுக்கு விருந்து, அவ்வளவுதான்.

போகிற வழி முக்கியம். நாலாம் நம்பர் மெட்ரோவில் போர்த் த க்ளிஞாங்கூர் இறங்கினால் வட்டச்சாலைப் பாலத்துக்கு அடியில் நடக்க வேண்டும். அங்கே பெல்ட், ஷூ, டீ-ஷர்ட் வைத்துக்கொண்டு கையைப் பிடித்து இழுப்பார்கள். நிறைய பேர் அதுதான் சந்தை என்று நினைத்துத் திரும்பிவிடுகிறார்கள். உண்மையான சந்தை அதைத் தாண்டி, ரூ தே ரோஸியே தெருவில். பதிமூன்றாம் நம்பரில் கரிபால்டி இறங்கி நடந்தால் அந்தப் பாலமே வராது. அம்மாவோடு போவதால் நான் அதைத்தான் சொல்வேன்.

ஏழாம்மாடி

நல்ல விவரம். ஆனால் சாந்த்-உவானில் 500 யூரோவை வைத்துக்கொண்டு செம்பு, வெள்ளி, பட்டு மூன்றும் வாங்க முடியாது அண்ணா. அது இப்போது வீட்டு அலங்காரக்காரர்களும் வெளிநாட்டு வியாபாரிகளும் வரும் இடம். நேராக வான்வ் போகச் சொல்லுங்கள்.

பழஞ்சாமான்

சரியாகச் சொன்னீர்கள் தம்பி. சாந்த்-உவான் பார்க்க, வான்வ் வாங்க. சனி, ஞாயிறு காலை மட்டும். பதிமூன்றாம் நம்பரில் போர்த் த வான்வ். எட்டு மணிக்கு அங்கே இருங்கள், ஒரு மணிக்கெல்லாம் மூட்டை கட்ட ஆரம்பித்துவிடுவார்கள்.

செம்புப் பாத்திரத்தைப் பற்றி எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நான் வந்த புதிதில் வான்வில் பளபள என்று ஒரு செம்புச் சட்டி, 40 யூரோ கொடுத்து வாங்கினேன். வீட்டுக்கு வந்து அடுப்பில் வைத்தேன், பத்து நிமிஷத்தில் அடி நெளிந்துவிட்டது. சுவரில் மாட்டுவதற்கென்றே செய்த தகடு அது, ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. சமையலுக்கான சட்டி என்றால் விளிம்பு இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் கனம் வேண்டும். ஒரு கையால் தூக்கினால் மணிக்கட்டு கீழே இழுக்க வேண்டும். கைப்பிடி இரும்பிலோ பித்தளையிலோ இருக்கும், உள்ளே பாருங்கள், மூன்று செம்பு ஆணிகள் அடித்திருக்கும். கைப்பிடியை அசைத்துப் பாருங்கள். ஆடினால் கீழே வைத்துவிடுங்கள்.

உள்பக்கம் வெள்ளீயப் பூச்சு. பழைய சட்டிகளில் அது தேய்ந்து நடுவில் செம்பு சிவப்பாகத் தெரியும். அந்த இடத்தில் புளியோ தக்காளியோ படக்கூடாது என்று உங்கள் அம்மாவுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பூச்சு தேய்ந்த சட்டி பாதி விலைக்குக் கிடைக்கும். இங்கே ஈயம் பூசக் கொடுத்தால் சட்டி விலையைத் தாண்டிவிடும், அதனால் இங்கிருப்பவர்கள் அதைத் தொடுவதில்லை. ஊரில் பூசுகிறவர் இன்னும் இருந்தால் உங்களுக்கு அதுதான் லாபம்.

வாங்குவதற்கு முன் நல்ல சட்டி எப்படி இருக்கும் என்று கை பழக வேண்டும். லே ஆல் பக்கம் ரூ கொக்கியேரில் தெயிலெரான் என்று ஒரு பாத்திரக்கடை, 1820-லிருந்து இருக்கிறது. தலைக்கு மேலே, சுவர் முழுக்க செம்பு தொங்கும். தூக்கிப் பாருங்கள், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். இதைத்தான் எல்லோருக்கும் சொல்கிறேன்: பெரிய கடைக்கு முதலில் போங்கள். அங்கே கண்ணும் கையும் பழகட்டும். அதற்கப்புறம் சந்தைக்குப் போங்கள். எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்துதான் ஏமாறுகிறார்கள்.

லாச்சப்பல் அக்கா

தங்கச்சி, வெள்ளிக்கு நான் சொல்லுறேன். பாரிஸில் எங்கட ஆட்களின்ர கடைகள் இருக்கிற லாச்சப்பலில் நகைக்கடையில் பதினொரு வருஷம் வேலை செய்தனான்.

பிரான்ஸில் பழைய வெள்ளிச் சாமானில் 925 எண்டு தேடாதேங்கோ. கரண்டியின் பின்பக்கம் திருப்பி, தலைக்கவசம் போட்ட ஒரு பெண்ணின் முகம் பக்கவாட்டில் இருக்குதா எண்டு பாருங்கோ. அது மினெர்வா, ரோமானியப் பெண் தெய்வம். 1838-இல் இருந்து போடுகினம். பக்கத்தில் 1 எண்டு இருந்தால் ஆயிரத்துக்கு 950 வெள்ளி, 2 எண்டு இருந்தால் 800. முத்திரை எள்ளுக்கும் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். பத்து மடங்கு பெருப்பிக்கும் ஒரு சின்ன லென்ஸ் கட்டாயம் கொண்டு வாங்கோ.

செய்தவரின் முத்திரை வேறாக இருக்கும். அது சாய்சதுரத்துக்குள் இருந்தால் முழு வெள்ளி. நேர் சதுரத்துக்குள் இருந்தால் வெள்ளிப் பூச்சு மட்டும்தான். பூச்சுச் சாமானில் 84 மாதிரி ஒரு எண் அடித்திருப்பார்கள். அது எவ்வளவு சுத்தம் எண்டதில்லை, ஒரு தொகுதிக்குப் பூச எத்தனை கிராம் வெள்ளி போனது எண்ட கணக்கு. கனபேர் அதைப் பார்த்து வெள்ளி எண்டு நினைச்சு வாங்குகினம். பூச்சுக் கரண்டியும் வடிவானதுதான், வெள்ளி விலை குடுக்காமல் வாங்கினால் சரி.

தங்கத்துக்குக் கழுகுத் தலை முத்திரை, 18 காரட். எங்கட ஆட்களுக்கு 22 காரட் வேணும் எண்டால் லாச்சப்பலுக்குத்தான் வரவேணும்.

சென்னிமலைப்பெண்

அக்கா, அண்ணா, இவ்வளவு விவரம் நான் எதிர்பார்க்கவே இல்லை. அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். “ஈயம் பூச நவச்சாரம் வேணும், அதை மட்டும் பார்த்துக்கலாம்” என்றார்.

பேரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள். எவ்வளவு குறைத்துக் கேட்பது?

புதுவைத் தையல்காரன்

பேரத்துக்கு முன்னால் வணக்கம். கடை வாசலில் கால் வைத்ததும் “போன்ழூர்” சொல்லாமல் சாமானைத் தொட்டால் இந்த ஊரில் மரியாதை கிடையாது. சந்தையில் விரித்த துணியாக இருந்தாலும், பெரிய கண்ணாடிக் கடையாக இருந்தாலும் இதே வழக்கம்தான். நம் ஆட்கள் பலர் இதை விட்டுவிட்டு, கடைக்காரர் முகம் கொடுக்கவில்லை என்று வருத்தப்படுகிறார்கள்.

நம் ஊர் மாதிரி பாதி விலைக்குக் கேட்கக் கூடாது. பத்து, பதினைந்து சதவீதம், இரண்டு மூன்று சாமான் சேர்த்து எடுத்தால் இருபது. “வூ புவே ஃபேர் மியூ?” என்று கேளுங்கள், இன்னும் கொஞ்சம் பார்த்துச் சொல்ல முடியுமா என்று அர்த்தம். முடியாது என்றால் சிரித்துக்கொண்டு “மெர்ஸி” சொல்லி நகருங்கள். சில்லறை நோட்டாக வைத்திருங்கள்.

பெரிய கடைகளில் பேரம் கிடையாது. அதுவே ஒரு காலத்தில் புரட்சி. 1852-இல் அரிஸ்தீத் பூசிகோ என்பவர் போன் மார்ஷே கடையில் பங்குதாரராகச் சேர்ந்தார். ஒவ்வொரு சாமானிலும் விலைச்சீட்டு, எல்லோருக்கும் ஒரே விலை, வாங்காவிட்டாலும் உள்ளே வந்து பார்க்கலாம், பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம் என்று கொண்டுவந்தார். அதற்கு முன்னால் கடைக்குள் நுழைந்தால் வாங்கித்தான் ஆக வேண்டும் என்கிற மாதிரி இருந்தது. உங்கள் கேள்விக்கு, அதாவது வாங்காமல் பார்க்க விடுவார்களா என்பதற்கு, பூசிகோ அன்றைக்கே பதில் சொல்லிவிட்டார். தயங்காமல் போங்கள். காலரி லஃபாயெத் கடையின் வண்ணக்கண்ணாடிக் குவிமாடம் 1912-இல் கட்டியது, 43 மீட்டர் உயரம். மொட்டை மாடிக்கும் காசில்லாமல் ஏறலாம்.

இன்னொன்று, நீங்கள் வரும் நேரம் நல்ல நேரம். இங்கே தள்ளுபடி விற்பனைக்குச் சட்டம் இருக்கிறது. வருஷத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொன்றும் நாலு வாரம். கோடைத் தள்ளுபடி பெரும்பாலும் ஜூன் கடைசி புதன்கிழமை காலையில் தொடங்கும். நம் ஆடித் தள்ளுபடி மாதிரிதான், ஆனால் பழைய விலையையும் புதிய விலையையும் சீட்டில் காட்டியே ஆக வேண்டும். நஷ்டத்துக்கு விற்கலாம் என்று சட்டம் விடுகிற காலமும் இதுதான். செவ்வாய்க்கிழமை போய் அளவு பார்த்துவிட்டு புதன் காலை போய் வாங்குங்கள்.

அம்மாவை மோமார்த் குன்றின் அடியில் மார்ஷே சாந்-பியேருக்குக் கட்டாயம் கூட்டிப் போங்கள். ஐந்து மாடி முழுக்கத் துணி. விற்பவர்கள் கையில் மர மீட்டர்கோல். சுற்றுப்புறக் கடைகளில் மூன்று மீட்டர் வெட்டிய துண்டுகள் அடுக்கியிருக்கும், ‘கூப்போன்’ என்பார்கள். நான் தொழில் நடத்துவதே அந்தத் துண்டுகளை நம்பித்தான். ஞாயிறு விடுமுறை.

லாச்சப்பல் அக்கா

தையல்காரத் தம்பி அந்தப் பக்கத்தைச் சொன்னதும் எனக்கு பார்பெஸ் சந்தியில் இருந்த தாத்தி கடை ஞாபகம் வருது. ரோசா நிறமும் வெள்ளையும் கட்டம் போட்ட பை. 1948-இல் தொடங்கின கடை. 86-ஆம் ஆண்டு குளிரில் ஒரு மெல்லிய சட்டையோட வந்து இறங்கினன். என்ர முதல் கோட் அங்கே ஒரு பெட்டிக்குள் கிளறி எடுத்தது. பக்கத்தில் ஒரு ஆபிரிக்கப் பெண் அதே கோட்டைப் பிடிச்சிருந்தா, என்னைப் பார்த்திட்டு விட்டுட்டா. அந்த முகம் இண்டைக்கும் மறக்கேல்லை. 2021-இல் அந்தக் கடையை மூடினபோது எதிர்ப்பக்கம் நிண்டு பார்த்தனான்.

நேர்வழி

எல்லாம் சரி. ஆனால் இந்த அவென்யூ மோந்தேன், ஃபோபூர் சாந்-ஒனோரே மாதிரி ஆடம்பரத் தெருக்களில் இருக்கும் கடைகளுக்கு எதற்குப் போக வேண்டும்? ஒரு பைக்கு ஆயிரக்கணக்கில் விலை. பெயருக்குத்தானே அந்தக் காசு. தறியில் உட்கார்ந்தவருக்கு வாரக் கூலி என்ன என்று நினைத்துப் பாருங்கள். அம்மாவை அங்கே கூட்டிப் போய் மனசு கஷ்டப்படுத்த வேண்டாம்.

தேம்ஸ்கரை

நேர்வழி அண்ணா, உங்கள் ஆதங்கம் புரிகிறது. பெயருக்காக மட்டும் விற்கிற சாமான் நிறைய இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் எல்லாவற்றையும் ஒரே தராசில் போடாதீர்கள். நான் பத்து வருஷம் சேர்த்து ஒரு தோல் பை வாங்கினேன். அதன் தையலைப் பாருங்கள்: ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி, மெழுகு தடவிய லினன் நூல், இரு பக்கத்திலிருந்தும் கையால் இழுத்துத் தைத்தது. குதிரைச் சேணம் தைக்கும் முறை. நடுவில் ஒரு தையல் அறுந்தாலும் மற்றது பிரியாது. மெஷின் தையலில் ஒன்று அறுந்தால் வரிசையாக உருவிக்கொண்டு வரும். கைவேலைக்காரருக்குக் கூலி கொடுக்கிற பொருளைக் கைவேலைக்காரர் பார்த்தால் மனசு கஷ்டப்படுமா, நிறையுமா? என் அம்மாவும் பீடி சுற்றியவர்தான். அந்தப் பையைக் கையில் வாங்கி அரைமணி நேரம் தையலை எண்ணிக்கொண்டிருந்தார்.

வரி திரும்பப் பெறுவது பற்றி யாரும் எழுதவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர், ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கினால் ‘தேதாக்ஸ்’ கேட்கலாம். பாஸ்போர்ட் வேண்டும். வரி 20 சதவீதம் என்றாலும் அது விலைக்குள் அடங்கியது, அதனால் விலையில் ஆறில் ஒரு பங்குதான் வரி. அதிலும் இடைத்தரகர் கழித்துக்கொண்டு கைக்குப் பெரும்பாலும் 12 சதவீதம் போல வரும். கடையில் தரும் படிவத்தை ஊர் திரும்பும்போது விமான நிலையத்தில் ‘பாப்லோ’ இயந்திரத்தில் காட்டிப் பச்சைக் குறி வாங்க வேண்டும். பெட்டியை அனுப்புவதற்கு முன் செய்யுங்கள், சாமானைக் காட்டச் சொன்னால் காட்ட வேண்டும். பிரெக்ஸிட்டுக்குப் பின் லண்டன்காரர்களுக்கும் இது உண்டு. முதல் தடவை நான் ரயில் நிலையத்துக்கு நேரம் போதாமல் வந்து, வரிசையைப் பார்த்துவிட்டுக் குறி வாங்காமல் ரயில் ஏறிவிட்டேன். கடையிலேயே முன்பணமாகக் கொடுத்த தொகையை அட்டையிலிருந்து அபராதத்தோடு எடுத்துக்கொண்டார்கள். ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

பாலத்துக்கடியில் விற்கும் போலிப் பைகள் பக்கம் போகவே வேண்டாம். இங்கே போலியை வைத்திருப்பதே குற்றம். சுங்கத்தில் பிடித்தால் பறிமுதல், மேலே அபராதம். அந்த அபராதத்தை அசல் பொருளின் விலையை வைத்துக் கணக்கிடுவார்கள்.

பழஞ்சாமான்

தேம்ஸ்கரை சொன்னதை ஸ்கார்ஃபுக்கும் பொருத்திப் பாருங்கள். எர்மேஸ் என்கிற ஆடம்பரக் கடையின் சதுர ஸ்கார்ஃப் 1937-லிருந்து வருகிறது, 90 சென்டிமீட்டர். விளிம்பைக் கையால் சுருட்டித் தைத்திருப்பார்கள். துணியின் முகப்பக்கம் நோக்கிச் சுருண்டு, விரலுக்கடியில் உருண்டையாக, ஒரு வைக்கோல் தாள் மாதிரி இருக்கும். மெஷின் விளிம்பு தட்டையாகப் படுத்துவிடும். ஃபோபூர் சாந்-ஒனோரே 24-இல் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், விரித்துக் காட்டுவார்கள். பின் வான்வில் ஸ்கார்ஃப் குவியலில் கண்ணை மூடிக்கொண்டு விளிம்பைத் தடவிப் பாருங்கள்.

நேர்வழி

சரி, அப்படிப் பார்ப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. தையல் விஷயம் எனக்குப் புதிது.

சென்னிமலைப்பெண்

திரும்பி வந்து நாலு நாள் ஆகிறது. சொன்னபடி எல்லாம் செய்தோம், அதே வரிசையில்.

எர்மேஸ் கடைக்குள் போகும்போது எனக்குக் கை நடுங்கியது. அம்மா சுங்குடிச் சேலையில் வந்தார், “போன்ழூர்” என்று அவரே முதலில் சொன்னார். ஒரு பெண் கண்ணாடி மேசை மேல் ஸ்கார்ஃபை விரித்தார். அம்மா படத்தைப் பார்க்கவில்லை. மூலையைத் தூக்கி, விளிம்பை இரண்டு விரலால் உருட்டிக்கொண்டே போய், ஒரு இடத்தில் நின்றார். “இங்க நூல் மாத்தியிருக்காங்க பாரு” என்றார். எனக்குத் தெரியவில்லை. நான் ஆங்கிலத்தில் சொன்னதும் அந்தப் பெண் குனிந்து பார்த்தார், பிறகு ஆமாம் என்று தலையாட்டினார். அப்புறம் அம்மாவின் முந்தானையைக் காட்டி, தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். குஞ்சம் முடிந்திருந்த விதத்தை அம்மா அவிழ்த்து மறுபடி முடிந்து காட்டினார். கால் மணி நேரம் இருவரும் சைகையிலேயே பேசினார்கள். நேர்வழி அண்ணா, அம்மாவுக்கு மனசு கஷ்டப்படவே இல்லை.

வான்வில் ஞாயிறு காலை. பிளாஸ்டிக் கூடையில் ஸ்கார்ஃப் குவியல், எது எடுத்தாலும் 10 யூரோ. அம்மா பார்க்காமல் தடவித் தடவி மூன்று எடுத்தார். இரண்டு பட்டு, மூன்றும் கைச்சுருட்டு விளிம்பு. மூன்றுக்கும் சேர்த்து 25. பாட்டிக்கு ஆறு சின்னக் கரண்டி, லென்ஸில் மினெர்வா தெளிவாகத் தெரிந்தார், பக்கத்தில் 1. 110 சொன்னார், 95-க்கு முடிந்தது. அக்காவுக்கு ரொம்ப நன்றி. நீங்கள் சொல்லாவிட்டால் பக்கத்துக் கடையில் 84 போட்டதைத்தான் எடுத்திருப்பேன்.

செம்புச் சட்டி ஒன்று, 22 சென்டிமீட்டர், விளிம்பு இரண்டரை மில்லிமீட்டர், மூன்று ஆணி. உள்ளே ஈயம் கிட்டத்தட்ட இல்லை, அதனால் 35 யூரோ. மூன்று கிலோவுக்கு மேல் கனம், அம்மா கைப்பையிலேயே கொண்டுவந்தார். சாந்-பியேரில் வாங்கிய துணிக் கணக்கை எழுதினால் அப்பா இதைப் படித்துவிடுவார்.

ஒரு உதவி. எங்கள் ஊரில் ஈயம் பூசுகிறவர் போன வருஷம் தொழிலை விட்டுவிட்டாராம். ஈரோடு, பெருந்துறை பக்கம் யாராவது இன்னும் செய்கிறார்களா?

கடைத்தெரு

பித்தளைக் குடம் விற்கும் பழைய பாத்திரக் கடைகளில் கேளுங்கள், பூசுகிறவர் எந்த நாளில் வருவார் என்று அவர்களுக்குத் தெரியும். வெள்ளீயம்தான் போடுகிறாரா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். காரீயம் கலந்தால் சமையலுக்கு ஆகாது.

சென்னிமலைப்பெண்

நாளைக் காலை போகிறோம். அம்மா வெள்ளீயக் கட்டியைத் தானே வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து பூச வைப்பதாகச் சொல்கிறார்.